சவரிமுத்து மேஸ்திரியும் என் பரங்கிக்காயும்

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராகக் கொல்லைக்குத்தான் ஓடினேன்.

என் பரங்கிக் கொடி வெந்நீர் ஊற்றினது போலத் துவண்டு கிடந்தது. முறம் முறமாக இருந்த இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. கிட்டே போய்க் குனிந்தேன். வேரைச் சுற்றி, ஈர மண்ணின் மேல், வெள்ளை வெளேரென்று உப்பு. காற்றில் வந்த உப்பில்லை. கை கையாக அள்ளி வட்டமாக வைத்த உப்பு. பாதி கரைந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

கிணற்றடியில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சி. அதன் அடியில் இன்னும் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தது.

"பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன்.

மாமனாரைப் பார்த்து ஒரு மருமகள் சொல்லும் வார்த்தையா அது? இன்றைக்கு எழுதும்போதே கூசுகிறது. ஆனால் சொன்னேன். அதோடும் நிறுத்தவில்லை. "உங்க வயித்தெரிச்சல் இப்ப ஆறிடிச்சா? என் மேல இருக்கிற கோவத்த ஒரு செடி மேலயா காட்டுவீங்க?"

அவர் கொட்டாங்குச்சியைத் தரையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உப்பளத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் போன் பண்ணினாள். "அம்மா, பரங்கிக்காய்க் கதைய மட்டும் எழுதிடாத. உன் மானம் போயிடும்" என்றாள். போனால் போகட்டும். எழுபதைத் தாண்டியவள் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறேன்?

கோழியிடம் சொன்ன சேதி

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனத்துத் தையல்காரர் மகள், பிலோமினா. என் கணவர் ஆரோக்கியம் மரக்காணத்தில் ஓர் உப்பு ஆபீசில் கிளார்க். அவருடைய அப்பா சவரிமுத்து, முப்பது வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். தன் தங்கை மகளைத்தான் மகனுக்குக் கட்டுவதென்று தங்கைக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். மகன் என்னைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்தத் தங்கை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்தான். அண்ணன் வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவே இல்லை.

மாமனாருக்கு உடம்பு பூரா ரோஷம். "அந்தப் பொண்ணு கையால ஒரு வாய் சோறு துன்ன மாட்டேன்" என்று கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, தனக்குத் தானே பொங்கிக்கொண்டார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே நான் ஆக்கி வைத்த சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

என்னோடு பேசவும் மாட்டார். மகன் வீட்டில் இருந்தால், "டேய், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்பார். மகன் ஆபீஸ் போய்விட்டால் கோழியிடம். "ஏ கோழி, மழ வர்றாப்புல இருக்குது. காயப்போட்ட துணிய எடுக்கச் சொல்லு."

நான் மட்டும் லேசுப்பட்டவளா? "கோழி, எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பேன்.

அந்தக் கோழிக்கு எங்கள் வீட்டு விஷயம் அத்தனையும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு அதை அடிக்கலாமா என்று என் கணவர் கேட்டபோது, அவர் அப்பாவும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. தெருவில் யாராவது "மாமனார் சாப்டாரா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட எனக்குக் கண் கலங்கிவிடும். அவர் ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுவிட்டால் போதும், வேறு நகை நட்டு எதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அண்டா அளவுக்கு ஒரு காய்

ஜூன் மாசத்தில் எங்கள் தெருக்கோடி அந்தோணியார் கோயிலில் திருவிழா வரும். கடைசி நாள் பொதுச் சாப்பாடு. வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, காய் என்று கொடுப்பார்கள். எல்லாம் ஒரே அண்டாவில் விழும். கோயிலுக்குப் போய்விட்ட காய்க்கு வீட்டுப் பேர் கிடையாது. அந்தோணியார் சோற்றை வேண்டாமென்று சொல்ல என் மாமனாருக்குத் துணிச்சல் வராது. பந்தியில் முதல் ஆளே அவர்தான்.

என் மூளை வேலை செய்தது. நான் வளர்த்த காய் அந்த அண்டாவில் விழுந்து, அவர் வயிற்றுக்குள் போய்விட்டால் சபதத்தில் பாதி உடைந்த மாதிரிதானே? மீதிப் பாதியை அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.

ஆனால் சின்னக் காயாகக் கொடுத்தால் அது யார் இலையில் விழும் என்று யார் கண்டது? அண்டா முழுக்க என் காயாக இருக்க வேண்டும். அப்படியென்றால் காயே அண்டா அளவுக்கு இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் கணவரோடு வேலை செய்த பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் ஒரு விதைப் பாக்கெட் கொடுத்தார். அவருடைய அண்ணன் பிரான்சிலிருந்து அனுப்பியதாம். பாக்கெட் மேல் ஒரு பரங்கிக்காய்ப் படம். அதன் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் பிரெஞ்சில் என்னென்னவோ எழுதியிருந்தது. எங்கள் தெருவில் படிக்க ஆளில்லை. நல்லவேளை, எழுத்துக்கு நடுவில் சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. அதுதான் எனக்குப் பாடப்புத்தகம்.

செடி வளர்ப்பதில் என் முன் அனுபவம் என்னவென்று கேட்டால், திண்டிவனத்து வீட்டில் தகர டப்பாவில் வைத்திருந்த ஒரு ரோஜா. அதுவும் பூத்ததில்லை.

எங்கள் கொல்லை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கரிக்கும். என் கணவர் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வண்டி செம்மண் அடித்துக் கொடுத்தார். இடுப்பளவு குழி வெட்டி, செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கொட்டி, பொங்கல் கழிந்த வாரம் விதை ஊன்றினேன். மூன்று முளைத்தது. இரண்டை எங்கள் தூதர் கோழி கொத்தித் தின்றுவிட்டது.

மிஞ்சிய ஒன்றுக்காகத்தான் என் பாடெல்லாம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீருக்குக் கோயில் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். குடிக்க இரண்டு குடம், கொடிக்கு நாலு குடம். இடுப்பு காய்த்துப்போனது.

ஆம்பளப் பூ, பொட்டப் பூ

கொடி ஓடியது. பூவும் பூத்தது. ஒன்றின் அடியிலும் பிஞ்சைக் காணோம். காய்க்காத பூ எதற்குச் சத்தை உறிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரி அல்லவா, பத்து நாள் விடாமல் பறித்துப் பறித்துப் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணம்மா அக்கா வீடு. அளத்தில் உப்பு சுமக்கிறவர். வேலைக்குக் கிளம்பும்போது குப்பையில் கிடந்த பூக்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி பைத்தியமே! ஆம்பளப் பூவ எல்லாம் பறிச்சுக் கடாசிட்டியே, பொட்டப் பூ வந்தா அது யாரக் கட்டிக்கும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பூவை இன்னொரு பூவுக்குள் ஒரு கை வைத்துத் தேய்ப்பது போல ஒரு படம். அது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அடியில் பிஞ்சோடு பூ வந்த அன்று, விடியற்காலையில் நானே நின்று கல்யாணம் பண்ணி வைத்தேன்.

பிஞ்சு பிடித்தது. "அதோ பார்" என்று என் கணவர் விரலை நீட்டினார். கண்ணம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்து கத்தினார். "யோவ்! பிஞ்சக் காட்டி விரல நீட்டாதய்யா, அழுவிடும்! மடக்கிக் காட்டு!" அந்தப் பிஞ்சு அழுகித்தான் போனது. நீட்டின விரல் காரணமா, நான் கொட்டின தண்ணீர் காரணமா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அதற்கப்புறம் என் கணவர் பரங்கிக் கொடியைக் காட்டுவதென்றால் விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டுதான் காட்டுவார்.

அடுத்து மூன்று பிஞ்சு வந்தது. பாக்கெட் படத்தில் ஒரு கொடிக்கு ஒரே காய்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டைக் கிள்ளிவிட்டேன். மிச்சம் விட்டது வளர்ந்தது பாருங்கள், தாயே! தினமும் காலையில் அப்பா கொடுத்த இஞ்ச் டேப்பைச் சுற்றி அளப்பேன். நேற்று தேங்காய், இன்று குடம், நாளைக்குத் தவலை என்று ஊதிக்கொண்டே போனது. அறுபது இஞ்ச் டேப்பு பத்தாமல் போன அன்று தெருவே கூடிவிட்டது.

கூனிமேட்டிலிருந்து சைக்கிளில் துணி விற்க வரும் பாய்கூட உள்ளே வந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ்! ஏம்மா, இது காயா, கன்னுக்குட்டியா? கண்ணு பட்டுடப் போவுது, ஒரு கோணி போட்டு மூடி வைம்மா" என்றார். வீட்டுக்குத் திருஷ்டி என்றால் பூசணிக்காய் கட்டுவார்கள். பரங்கிக்காய்க்கே திருஷ்டி என்றால் எதைக் கட்டுவது? நான் கோணியைப் போட்டேன்.

மாமனார் மட்டும் கூட்டத்தோடு வந்து பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாள் காதில் விழுந்தது. "ஏ கோழி, அந்தக் கொடிப் பக்கம் போன, கால ஒடிச்சுடுவேன்." அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொன்றுவிட்டுப் பால்

மே மாசக் கடைசியில் திண்டிவனத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இரண்டு நாள்தானே என்று நானும் என் கணவரும் போனோம். அந்த இரண்டு நாளில் ஒரு கோடை மழை. திரும்பி வந்து நான் பார்த்ததையும் கத்தியதையும்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

சாயங்காலம் என் கணவர் தன் அப்பாவிடம் கேட்டார். "ஏம்பா, உப்ப நீயா வெச்ச?"

"ஆமா."

"எதுக்கு?"

மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார். கோழியிடம்கூட அன்றைக்குப் பேச்சில்லை.

மறுநாள் விடியும்போது கொல்லையில் சத்தம். எட்டிப் பார்த்தேன். மூங்கில் காவடியில் இரண்டு தகர டின் மாட்டி, கோயில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து, கொடியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தார் மாமனார். உப்பைக் கழுவி இறக்கப் பார்க்கிறார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கண் மண் தெரியாத கோபம்.

"கொன்னுட்டுப் பால் ஊத்துறீங்களா?" என்றேன்.

டின்னைச் சாய்த்த கை அப்படியே நின்றது. அப்புறம் மீதியையும் ஊற்றிவிட்டு, காலி டின்களோடு மறுபடி கிளம்பினார். அன்றைக்கு எத்தனை நடை போனார் என்று எண்ணவில்லை. மத்தியானம் அவர் தோள் கன்றிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை. அவ்வளவு கெட்டவளாக இருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து இன்னொரு தூறல் போட்டது. தூறல் விட்டதும் துணி காயப்போட வெளியே வந்தேன். கொல்லை மூலையில் ஒரு தென்னங்கன்று உண்டு. மாமியார் இறந்த வருஷம் மாமனார் நட்டது. அதன் அடியில் அவர் குந்தியிருந்தார். பக்கத்தில் அதே கொட்டாங்குச்சி. அதிலிருந்து உப்பை அள்ளி, தென்னையைச் சுற்றி வட்டமாக வைத்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு ஓடி, "அக்கா, இவுரு அந்த மரத்தையும் கொல்லப் பாக்குறாரு!" என்றேன்.

கண்ணம்மா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன புள்ள பேசுற? தென்னைக்கு உப்பு வெக்க மாட்டாங்களா? மழ ஈரத்துல வெச்சாதானே அதுக்குப் புடிக்கும். உப்பு வெக்காத தென்ன இந்த ஊர்ல ஏது?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருஷம் உப்பிலேயே கிடந்த மனிதர். அவருக்குத் தெரிந்த உரம் அது ஒன்றுதான். நான் ஊரில் இல்லாத நேரத்தில் மழை ஈரம் வீணாகப் போய்விடுமே என்று, பெண்டாட்டி நினைவாக வளர்க்கிற மரத்துக்கு எதை வைப்பாரோ அதையே என் கொடிக்கும் வைத்திருக்கிறார். அவரைத்தான் பாவி என்றேன். பால் ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன். செருப்பால் அடித்தது போல இருந்தது எனக்கு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வாய் வராது. கத்துவதற்கு வந்த வாய் இதற்கு வரவில்லை.

அதற்குள் கொடி நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் காம்பும் வற்றிவிட்டது. காயின் அடிப்பக்கம் விரல் வைத்தால் அமுங்கியது. "இன்னைக்கே அறுத்துடு பிலோமி. நாளைக்கு ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றார் கண்ணம்மா அக்கா. திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். அண்டாக் கனவு அன்றோடு முடிந்தது.

அறுத்துவிட்டேன். தூக்க முடியவில்லை. என் கணவர் ஆபீசில். கண்ணம்மா அக்காவும் வேலைக்குப் போய்விட்டார். கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மாமனார் வந்தார். ஒரு சாக்கை விரித்தார். காயை உருட்டி அதன் மேல் ஏற்றினார். சாக்கின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்துத்தான் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக முடிந்தது.

இறக்கி வைத்ததும் சொல்லிவிட்டேன். "மாமா, தென்னைக்கு வெக்கிறாப்புலதான் இதுக்கும் வெச்சீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. வாய்க்கு வந்தத பேசிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் கை கால் கழுவினார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். போய்விட்டார். தங்கச்சி வீட்டுக்கே போய்விட்டாரோ என்று வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தேன்.

பொழுது போக வேண்டுமே. கொடுவாளை வைத்துக் காயைப் பிளந்தேன். ஐயோ, அந்த ஏமாற்றத்தை என்ன சொல்ல! உள்ளே வெளிறிப்போன சதை. ஒரு துண்டை வாயில் போட்டேன். வெறும் தண்ணீர். கடையில் வாங்குகிற காய்க்கு இருக்கும் ருசியில் கால்வாசிகூட இல்லை. பத்தை போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தேன். மிச்சத்தைப் புளியும் மிளகாயும் வெல்லமும் போட்டுக் குழம்பு வைத்தேன். என்ன போட்டாலும் அது தேறவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமனார் திரும்பி வந்தார். அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கோயில் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வர்றேன்" என்றார். "வாயில்லாச் செடிய உப்பு வெச்சுக் கொன்னுட்டேன் சாமின்னேன். மூணு தடவ அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு, போதும்னாரு."

"தெரியாம வெச்சது எப்படி மாமா பாவமாவும்?"

"அத மட்டும்தாம்மா சொன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா உன்ன ஒரு மனுஷியா நெனச்சுப் பேசலியே, அதச் சொல்ல வாய் வரல. சொல்லியிருந்தா முழு ஜெபமாலயும் சொல்லச் சொல்லியிருப்பாரு."

நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே வந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு போடு. அந்தக் கொழம்ப ஊத்து."

"மாமா, அது நல்லாவே இல்லீங்க. சப்புன்னு இருக்குது. இருங்க, ஒரு முட்டையாவது பொரிச்சுடறேன்."

"நல்லா இருந்தா அப்புறம் அது என்னா பரிகாரம்? ஊத்தும்மா."

ஊற்றினேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.